என் அறைக்கு வெயில், உன் அறைக்குப் பனி!

மார்கழி, தை மாதங்களில் எங்கள் அருவங்காட்டுக்கு வந்திருக்கிறீர்களா? காலையில் தொழிற்சாலைச் சங்கு ஊதும் நேரத்தில் பள்ளத்துப் புல்வெளியைப் பார்த்தால், உப்பைத் தூவி வைத்தது போல உறைபனி படிந்திருக்கும். வீட்டுக்குள்ளே அடுக்களையில் மட்டும் கதகதப்பாக இருக்கும். அங்கிருந்து நாலு எட்டு வைத்துப் படுக்கையறைக்குப் போனால், போர்வையே நனைத்துப் பிழிந்த துணி மாதிரி ஜில்லென்று இருக்கும். ஒரே கூரைதான். ஆனால் இந்த அறைக்கு ஒரு காலநிலை, அந்த அறைக்கு வேறொரு காலநிலை!

நான் ஆசிரியை வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். எங்கள் வரிசையில் ஒரு வீடு. கைக்குழந்தைக்குக் குளிருமே என்று குமுட்டி அடுப்பில் கரியைப் பற்றவைத்து, படுக்கையறையில் வைத்துவிட்டு, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் இறுக்கச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார்கள். நடுஇரவில் தண்ணீர் குடிக்க எழுந்த பாட்டி தலைசுற்றி விழுந்தார். அவர் கை பட்டு உருண்ட குடத்தின் சத்தம்தான் எங்களை எழுப்பியது. கதவைத் தட்டினோம், யாரும் திறக்கவில்லை. உடைத்துக்கொண்டு உள்ளே போய் எல்லோரையும் வெளியே தூக்கி வந்தோம். நல்ல வேளை, அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

காரணம் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு. கரி போதிய காற்றில்லாமல் எரியும்போது இது உண்டாகிறது. இதற்கு நிறம் கிடையாது, மணமும் கிடையாது. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஆக்சிஜனுக்கு இடம் ஏது? தூங்குகிறவர் தூக்கத்திலேயே மயங்கிவிடுவார். குளிர்ப் பிரதேசங்களில் இப்படி உயிர் விட்டவர்கள் உண்டு. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் சுற்றுலா வரும்போது, தங்கும் அறைக்குள் கரியடுப்பைக் கொண்டுவரப் பெரியவர்கள் யாராவது நினைத்தால் நீங்கள் தைரியமாக ‘வேண்டாம்’ என்று சொல்லலாம். இதில் பெரியவர், சிறியவர் பார்க்க வேண்டியதில்லை.

சரி, நெருப்பை அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. ஆனால் சூடு மட்டும் வேண்டும். அதுவும் தேவையான அறைக்கு மட்டும் வேண்டும். என்ன செய்வது?

எங்கள் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு வாருங்கள், காட்டுகிறேன். அங்கே விறகு எரியும் உலை ஓரிடத்தில் இருக்கும். அதன் புகை புகைபோக்கி வழியாக வெளியே போய்விடும். உலையின் சூடேறிய இரும்பைத் தொட்டுக்கொண்டு வரும் சுத்தமான காற்று மட்டும்தான் தேயிலையிடம் போகும். புகைக்கும் காற்றுக்கும் நடுவே இரும்புச் சுவர். ஒன்றோடொன்று கலக்கவே கலக்காது. கலந்தால் தேநீரில் புகை நாற்றம் அடிக்குமே!

பறித்து வந்த கொழுந்தில் எடைக்கு எடை முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதை முதலில் நீண்ட தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றை ஊதி, மணிக்கணக்கில் வாட்டுவார்கள். மழைநாளிலும் பனிக்காலத்திலும் இந்தக் காற்றோடு கொஞ்சம் சூட்டையும் சேர்ப்பார்கள். இளஞ்சூடுதான், அதிகமானால் இலை கருகிவிடும். வாடிய இலையை நசுக்கி, நொதிக்க வைக்கும் அறையில் சூடு கூடவே கூடாது. அங்கே சுமார் 25 டிகிரி செல்சியஸ். காற்றில் ஈரம் ததும்ப வேண்டும் என்று தண்ணீரைப் பனிப்புகை மாதிரி தூவுவார்கள். அடுத்தது டிரையர் இயந்திரம். அதற்குள் 100 டிகிரியை ஒட்டிய அனல்! வெளியே வரும் தூளில் ஈரம் சுமார் 3 சதவீதம்தான். ஒரே கட்டடத்துக்குள் பங்குனி, ஐப்பசி, அக்னி நட்சத்திரம் மூன்றும் இருக்கின்றன, பார்த்தீர்களா?

குன்னூரில் 1907-ஆம் ஆண்டு தொடங்கிய பாஸ்டர் ஆய்வு நிலையத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி தயாரிப்பவர்களுக்கு, நுண்ணுயிர்களை வளர்க்க நம் உடம்பின் சூடான 37 டிகிரி வேண்டும். தயாரான மருந்தைப் பத்திரப்படுத்தவோ 2 முதல் 8 டிகிரி வரைதான் இருக்க வேண்டும். இப்படிக் கட்டடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வெப்பநிலையைக் கொடுப்பதைத்தான் ‘மண்டல முறை’ என்கிறார்கள் பொறியாளர்கள்.

இதை வகுப்பறைக்கும் வீட்டுக்கும் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? சொல்வதில் எனக்கு ஒரு தனிப் பெருமை. ஓர் ஆசிரியர்! அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்து ஒயிட்வாட்டர் என்ற ஊரில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே பாடம் நடத்தியவர் வாரன் ஜான்சன். பள்ளியின் அடித்தளத்தில் உலை. வகுப்பறைகளில் சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பணியாளர் அடிக்கடி உள்ளே வருவார். பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப்போய்ச் சூடு வரும் வழியைக் கூட்டுவார் அல்லது குறைப்பார். பாடத்தின் நடுவே ஒருவர் வந்து வந்து போனால் எந்த ஆசிரியருக்குத்தான் பொறுக்கும்? ஜான்சன் ஒரு கருவி செய்தார். அறையில் குளிர் கூடினால், அடித்தளத்தில் மணி அடிக்கும். பணியாளர் மேலே வர வேண்டிய வேலையே இல்லை! 1883-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1895-இல் இன்னும் ஒரு படி மேலே போய், குழாயில் அடைத்த காற்றின் அழுத்தத்தாலேயே ஒவ்வோர் அறையின் வெப்பமும் தனித்தனியாகத் தானே கூடிக் குறையும் முறைக்கும் காப்புரிமை பெற்றார்.

அந்த மாதிரிக் கருவிக்குப் பெயர் தெர்மோஸ்டாட். உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியிலும் ஒன்று இருக்கிறது. சூடேறியதும் ‘டிக்’ என்று விளக்கு அணைகிறதே, அது அதன் வேலை. இரண்டு வெவ்வேறு உலோகத் தகடுகளை ஒட்டி வைத்திருப்பார்கள். சூட்டில் ஒன்று அதிகமாக நீளும், மற்றது குறைவாக நீளும். அதனால் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

இன்றைய வீடுகளிலும் அலுவலகங்களிலும் மண்டல முறையை எப்படிப் பொருத்துகிறார்கள்? முதலில் வீட்டைச் சுற்றி வருவார்கள். மேற்குப் பார்த்த அறையா? மாலை வெயில் தாக்கும். ஜன்னல் பெரிதா? எத்தனை பேர் புழங்குவார்கள்? ஒரே மாதிரி சூடாகும், ஒரே நேரத்தில் பயன்படும் அறைகளை ஒரு மண்டலமாகச் சேர்ப்பார்கள். இயந்திரம் ஒன்றுதான். அதிலிருந்து ஒவ்வொரு மண்டலத்துக்கும் ‘டக்ட்’ என்ற தகரக் காற்றுக்குழாய் போகும். குழாய்க்குள்ளே ‘டேம்பர்’ என்ற தகட்டுக் கதவும் அதைத் திருப்ப ஒரு சின்ன மோட்டாரும் இருக்கும். அறையில் உள்ள தெர்மோஸ்டாட் ‘எனக்கு வேண்டும்’ என்றால் கதவு திறக்கும், ‘போதும்’ என்றால் மூடிக்கொள்ளும்.

கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? பொருத்துவதில்தான் சூட்சுமம். தெர்மோஸ்டாட்டை வெயில் விழும் சுவரிலோ, டி.வி.க்குப் பக்கத்திலோ மாட்டினால் அது ஏமாந்துபோகும். அறை குளிரில் நடுங்கும். அது மட்டும் ‘சூடு போதும்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஆகவே உள்பக்கச் சுவரில், தரையிலிருந்து சுமார் 5 அடி உயரத்தில் மாட்டுவார்கள். குளிர்விக்க 25 டிகிரி, சூடாக்க 20 டிகிரி என்று நடுவே இடைவெளி விட்டு அமைப்பார்கள். இரண்டுக்கும் ஒரே எண்ணை வைத்தால் இயந்திரம் சூடாக்கும், உடனே குளிர்விக்கும், மறுபடி சூடாக்கும். மின்கட்டணம்தான் ஏறும்! ஒன்றைத் தவிர எல்லாக் கதவுகளும் மூடிக்கொண்டால், மொத்தக் காற்றும் அந்த ஒரு குழாயில் விசிலடித்துக்கொண்டு பாயும். அதற்கேற்ப விசிறியின் வேகம் குறைய வேண்டும், இல்லையென்றால் மிச்சக் காற்று திரும்பிப் போக ஒரு மாற்று வழி வேண்டும்.

டக்ட்டே இல்லாத முறையும் உண்டு. 1982-இல் ஜப்பானின் டைகின் நிறுவனம், வெளியே வைத்த ஒரே இயந்திரத்திலிருந்து பல அறைகளுக்கு மெல்லிய குழாய்களில் குளிர்பொருளை, அந்தந்த அறைக்கு வேண்டிய அளவு மட்டும் அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. அதன் பிந்தைய வகைகளில், ஓர் அறையில் எடுத்த சூட்டை வீணாக்காமல் இன்னோர் அறைக்குக் கொடுக்கிறார்கள்.

இப்போது என் கதை. சில ஆண்டுகளுக்கு முன் கனடாவில், டொராண்டோவில் இருக்கும் என் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாடி ஒரு மண்டலம், கீழ்த்தளம் ஒரு மண்டலம். வெளியே பனி கொட்டுகிறது. கீழே படுத்திருந்த எனக்குக் குளிர். சுவரில் இருந்த கருவியில் 22 வைத்தேன். குளிர் குறையவில்லை. 24 வைத்தேன். ஊகூம்! நீலகிரிக்காரிக்கே இந்த நடுக்கமா என்று இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டேன். காலையில் மாடியிலிருந்து பேரன் வியர்த்து விறுவிறுத்து இறங்கி வந்தான். “பாட்டி, ராத்திரி முழுக்க ஒரே அனல்! நான் 17-க்குக் குறைத்துப் பார்த்தேன், குறையவே இல்லை” என்றான்.

புரிந்ததா குழந்தைகளே? புதிதாக இணைத்துக் கொடுத்தவர் இரண்டு கருவிகளின் ஒயர்களையும் மாற்றிச் சொருகியிருக்கிறார். நான் கூட்டக் கூட்ட அவன் வெந்தான். அவன் குறைக்கக் குறைக்க நான் உறைந்தேன். பேரன்தான் கண்டுபிடித்தான். கீழே உள்ள கருவியில் மட்டும் எண்ணை ஏற்றிவிட்டு மாடிக்கு ஓடினான், காற்று வரும் துவாரத்தில் கை வைத்துப் பார்த்தான். சூடு அங்கேதான் வந்தது! வேலை முடிந்த அன்றே இந்தச் சோதனையைச் செய்திருக்க வேண்டும். மறுநாள் மெக்கானிக் வந்து ஒயர்களை இடம் மாற்றினார். பத்து நிமிட வேலை.

உங்கள் வீட்டிலும் ஒரு சோதனை செய்யலாம். அறையின் வெப்பநிலையைக் காட்டும் தெர்மாமீட்டர் ஒன்று வேண்டும் (காய்ச்சல் பார்ப்பது உதவாது). காலை 6 மணி, மதியம் 2 மணி, இரவு 8 மணி என ஒவ்வோர் அறையிலும் பத்து நிமிடம் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டின் படத்தை வரைந்து, எண்கள் நெருங்கி இருக்கும் அறைகளுக்கு ஒரே வண்ணம் தீட்டுங்கள். மேற்கு எந்தப் பக்கம், அடுப்பு எங்கே என்பதையும் மறக்காமல் குறியுங்கள்.