ஏ.சி. பழுதும் வீட்டுக் கணக்கும்: பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டியவை

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் டெல்லியானாலும் சென்னையானாலும் பல இல்லங்களில் ஒரே காட்சி. மாதக்கணக்கில் ஓய்ந்திருந்த ஏ.சி.யை இயக்குகிறோம். காற்று வருகிறது, குளிர் வரவில்லை. அவசரமாக அழைக்கப்பட்ட மெக்கானிக் குழாயைத் தொட்டுப் பார்க்கிறார். “கேஸ் தீர்ந்துவிட்டது சார், நிரப்ப வேண்டும்” என்கிறார். மூவாயிரம் ரூபாய் கைமாறுகிறது, அறையும் குளிர்கிறது. அடுத்த பங்குனியில் அதே மெக்கானிக், அதே வாக்கியம், அதே தொகை.

ஏ.சி. பழுதுக்காக நாம் செலவிடும் பணத்தில் ஒரு பகுதி இவ்வாறுதான் வீணாகிறது. காரணத்தைக் கண்டறியாமல் அறிகுறிக்கு மட்டும் பணம் கொடுக்கிறோம். ‘இந்தப் பழுதின் காரணம் என்ன?’ என்ற ஒரு கேள்வியைப் பணம் கொடுக்குமுன் கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் செலவு கணிசமாகக் குறையும். அக்கேள்வியைக் கேட்கவும், கிடைக்கும் விடையை எடைபோடவும் தேவையான செய்திகளை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

கேஸ் எரிபொருள் அன்று

வாகனத்தில் பெட்ரோல் எரிந்து தீர்கிறது. ஏ.சி.யில் உள்ள கேஸ் அவ்வாறு தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் அது ஓயாமல் சுற்றி வருகிறது. அறைக்குள் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. வெளியே உள்ள யூனிட்டில் திரவமாகும்போது அந்த வெப்பத்தை விட்டுவிடுகிறது. கசிவு இல்லாதவரை, முதலில் நிரப்பிய அளவு பல ஆண்டுகளுக்குப் பின்னும் ஏறத்தாழ அப்படியே இருக்கும். எனவே கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்பதே பொருள். கசிவை அடைக்காமல் கேஸ் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும்.

கசிவு பெரும்பாலும் இரண்டு இடங்களில் நேர்கிறது. ஒன்று, குழாய்களை நட்டு போட்டு இணைக்கும் இடம். அங்கே எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருப்பது கசிவின் அடையாளம். மற்றொன்று, காயில். மும்பை, சென்னை போன்ற கடலோர நகரங்களில் உப்புக்காற்று காயிலை அரிக்கிறது. கழிவுநீர்க் கால்வாய்களை ஒட்டிய குடியிருப்புகளில், அங்கிருந்து எழும் கந்தகம் கலந்த வாயு செம்பைப் பாதிக்கிறது.

முறையாகக் கேஸ் நிரப்புவதற்கு நான்கு படிகள் உண்டு. முதலில் நைட்ரஜனை அழுத்தத்துடன் செலுத்தி, சோப்பு நுரை தடவிக் கசிவிடத்தைக் காண வேண்டும். அடுத்து, அவ்விடத்தைச் சீர்செய்ய வேண்டும். பிறகு வேக்யூம் பம்பை இயக்கிக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் முற்றிலும் வெளியேற்ற வேண்டும். ஈரம் தங்கினால் அது நாளடைவில் எண்ணெயைக் கெடுத்து கம்ப்ரசரையே அழிக்கும். இறுதியாக, வெளி யூனிட்டின் பெயர்ப்பட்டையில் குறிப்பிட்ட எடைக்கு, தராசில் வைத்துக் கேஸ் நிரப்ப வேண்டும். பத்தே நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டால் இப்படிகளில் சில விடுபட்டிருக்கின்றன என்று கொள்ளலாம்.

இங்கே உயிர் தொடர்பான எச்சரிக்கை ஒன்றும் உண்டு. அழுத்தச் சோதனைக்கு நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்சிஜன் உருளையைப் பயன்படுத்த ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். கம்ப்ரசர் எண்ணெயுடன் ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கக்கூடும். கேஸின் வகையையும் மாற்றலாகாது. இன்றைய ஏ.சி.க்களில் பெரிதும் பயன்படும் ஆர்-32 ஓரளவு தீப்பற்றக்கூடியது. சில மாதிரிகளில் உள்ள ஆர்-290 எளிதில் தீப்பற்றுவது. பெயர்ப்பட்டையில் உள்ள வகையைத் தவிர வேறொன்றை நிரப்புவது கருவிக்கும் வீட்டாருக்கும் கேடு.

எந்தப் பழுதுக்கு எவ்வளவு?

கீழ்க்காணும் தொகைகள் 1.5 டன் ஸ்பிளிட் ஏ.சி.க்குப் பெருநகரங்களில் பொதுவாகக் கேட்கப்படும் தோராயமான அளவுகள். ஊர், மாதிரி, பருவம் ஆகியவற்றைப் பொறுத்து இவை மாறும்.

செலவே இல்லாதவை: குளிர் குறைந்ததும் முதலில் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். தூசி அடைத்த ஃபில்டரால் காற்றோட்டம் தடைப்பட்டு, காயிலில் பனி உறையும். பார்ப்பதற்குக் கேஸ் குறைந்தது போலவே தோன்றும். ரிமோட்டில் ‘கூல்’ நிலை உள்ளதா, வெளி யூனிட்டின் மின்விசிறி சுழல்கிறதா என்பதையும் கவனியுங்கள். கோடையில் இரு வாரத்திற்கு ஒருமுறை ஃபில்டரைத் தண்ணீரில் கழுவி உலர்த்தி மாட்டுவது எவரும் செய்யக்கூடிய வேலை.

சிறு செலவு: முழுமையான சுத்திகரிப்புக்கு 500 முதல் 1,000 ரூபாய் ஆகலாம். உள் யூனிட்டிலிருந்து நீர் சொட்டுவது பெரும்பாலும் வடிகுழாய் அடைப்பே. அது இச்சுத்திகரிப்பிலேயே தீரும். இன்வெர்ட்டர் இல்லாத ஏ.சி.யில் வெளி யூனிட் முனகிக்கொண்டு இயங்க மறுத்தால், பல நேரங்களில் குற்றவாளி கெப்பாசிட்டர் எனும் சிறிய பாகம். கூலியுடன் ஆயிரம் ரூபாயை ஒட்டி முடிந்துவிடும். இதே அறிகுறியைக் காட்டி ‘கம்ப்ரசர் போய்விட்டது’ என்று ஒருவர் சொன்னால், கெப்பாசிட்டரை மீட்டர் வைத்துச் சோதித்தீர்களா என்று கேளுங்கள்.

நடுத்தரச் செலவு: கசிவை அடைத்துக் கேஸ் நிரப்ப 2,500 முதல் 4,500 ரூபாய், மின்விசிறி மோட்டார் மாற்ற 2,000 முதல் 4,000 ரூபாய்.

பெருஞ்செலவு: இன்வெர்ட்டர் ஏ.சி.யின் பிசிபி போர்டு 5,000 முதல் 12,000 ரூபாய் வரை ஆகலாம். மின்னழுத்த ஏற்றத்தாழ்வும், உள்ளே புகும் பல்லியும் எறும்பும் இதன் பகைவர்கள். சில போர்டுகளை மாற்றாமலேயே பழுது பார்க்க இயலும். அந்த வாய்ப்பை விசாரியுங்கள். காயில் மாற்ற 6,000 ரூபாய்க்கு மேலும், கம்ப்ரசர் மாற்ற 10,000 முதல் 20,000 ரூபாய் வரையும் ஆகலாம். ஐயாயிரம் ரூபாயைத் தாண்டும் எந்த மதிப்பீட்டுக்கும் இரண்டாவது ஒருவரின் கருத்தைப் பெறுவது நலம். அதற்காகும் சில நூறு ரூபாய் வீணாகாது. மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும் நல்ல வழக்கம்.

உத்தரவாத அட்டையின் சிறிய எழுத்துகள்

‘கம்ப்ரசருக்குப் பத்தாண்டு உத்தரவாதம்’ என்ற விளம்பரத்தை நம்பி வாங்கியவர்கள், ஏழாம் ஆண்டில் பல ஆயிரம் ரூபாய்க்கு ரசீது வரும்போது திகைக்கிறார்கள். பெரும்பாலான உத்தரவாதங்களில் கம்ப்ரசர் என்ற பாகம் மட்டுமே இலவசம். கேஸ், கூலி, போக்குவரத்து ஆகியவை வாடிக்கையாளரின் பொறுப்பு. கருவி முழுமைக்குமான உத்தரவாதம் பெரும்பாலும் ஓராண்டோடு முடிகிறது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமும் இருவகைப்படும். ஒன்று, சுத்திகரிப்பையும் கூலியையும் மட்டும் உள்ளடக்கியது. மற்றொன்று, உதிரிபாகங்களையும் கேஸையும் உள்ளடக்கியது. கையொப்பமிடுமுன் கேஸ், பிசிபி, காயில் ஆகிய மூன்றும் பட்டியலில் உள்ளனவா என்று பாருங்கள். அவை மூன்றும் இல்லையெனில், பெருஞ்செலவு உங்களிடமே எஞ்சுகிறது.

பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

கருவிக்கு எட்டு வயது கடந்து, பழுதின் செலவு புதிய ஏ.சி. விலையில் பாதியை நெருங்கினால், புதிது வாங்குவதே பெரும்பாலும் சிக்கனம். 2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி.க்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்திருப்பதையும் கணக்கில் கொள்ளலாம். உங்கள் பழைய கருவி ஆர்-22 கேஸில் இயங்குவதாயின், ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி அந்தக் கேஸ் படிப்படியாகக் கைவிடப்பட்டு வருகிறது என்பதை நினைவில் கொள்க.

மின்கட்டணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, புதிய கருவி மணிக்கு அரை யூனிட் மிச்சப்படுத்துவதாகக் கொள்வோம். நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 150 நாள் எனில் 600 யூனிட். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 4,200 ரூபாய். ஆனால் ஐந்து வயதுக்கு உட்பட்ட கருவியில் கெப்பாசிட்டரோ மோட்டாரோ பழுதானால், புதிது வாங்கும் பேச்சுக்கு இடமில்லை.

பணம் செலுத்தும்போது

பழுதை விடப் பெரிய இழப்பு தொலைபேசியிலேயே நேர்ந்துவிடுவதுண்டு. இணையத்தில் தேடிக் கிடைக்கும் ‘வாடிக்கையாளர் சேவை எண்’ பல நேரங்களில் மோசடிக்காரர்களுடையது. ‘பதிவுக் கட்டணம் பத்து ரூபாய்’ என்று ஓர் இணைப்பை அனுப்புவார்கள். அல்லது உங்கள் கைபேசித் திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்வார்கள். சேவை எண்ணை உத்தரவாத அட்டையிலிருந்தோ நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவையில்லை. ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கும், தங்கள் வங்கிக் கிளைக்கும் தெரிவியுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கிறது.

வேலை முடிந்து, அறை குளிர்வதைக் குறைந்தது அரை மணி நேரம் பார்த்த பின்னரே முழுத் தொகையைச் செலுத்துங்கள். செய்த வேலை, மாற்றிய பாகம், நிரப்பிய கேஸின் வகையும் எடையும், வேலைக்கான உத்தரவாதக் காலம் ஆகியவை ரசீதில் இருக்கட்டும். ஜி.எஸ்.டி. வசூலித்தால் பதிவு எண்ணும் ரசீதில் இருக்க வேண்டும். பெரிய தொகையைக் கடன் அட்டையில் செலுத்திவிட்டுக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருவது விவேகமன்று. பல அட்டைகளில் நிலுவைக்கு மாதம் 3 விழுக்காட்டிற்கும் மேல் வட்டி ஏறும். மாதம் 500 ரூபாய் தொடர் வைப்பில் சேர்த்து வந்தால், ஓராண்டில் 6,000 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும். நடுத்தரப் பழுது எதையும் அது தாங்கும்.

குறை தீர்க்கும் வழிகள்

பழுது நீங்காமலோ பொய்க் கணக்கு காட்டப்பட்டோ இருந்தால், முதலில் நிறுவனத்திற்கு எழுத்து மூலம் முறையிடுங்கள். பயனில்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சேவைக் குறைபாட்டுக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரையாயின் அங்கே கட்டணம் இல்லை. குறைபாடு நிகழ்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். ரசீது இல்லாதவரின் வழக்கு வலுவிழந்துவிடும் என்பதால்தான், மேலே ரசீதை வலியுறுத்தினோம்.

மே மாதத்து இரவில், முதியவரோ கைக்குழந்தையோ உறங்க முடியாமல் தவிக்கும் வீட்டில், மெக்கானிக்கிடம் காரணம் கேட்கும் பொறுமை எவருக்கும் இராது. கேட்ட தொகையைக் கொடுத்துவிடவே மனம் முந்தும். ஆகையால் இக்கேள்விகளைக் கேட்க உகந்த காலம் மாசி மாதம். வெயில் ஏறுமுன், மெக்கானிக்குகளுக்கு ஓய்வு இருக்கும்போது, ஏ.சி.யை ஒரு மணி நேரம் இயக்கிப் பாருங்கள். குறை இருந்தால் காரணத்தைக் கேட்கவும், இன்னொருவரிடம் விசாரிக்கவும், விலையை ஒப்பிடவும் அப்போது நாள் இருக்கும்.