அளவெடுத்துக் கொடுங்கள்

மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 நெருங்கினால் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்காக நிதி திரட்டும் விழாக்கள் ஊருக்கு ஊர் களைகட்டிவிடும். கோவையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த விழாவுக்குப் போயிருந்தேன். நிறைந்த கூட்டம், நல்ல வசூல். உட்கார்ந்தபடியே கைகளால் அபிநயம் பிடித்த சிறுமிக்கு அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. கொடுக்க வந்தவர்கள் மனசில் குறை சொல்ல எதுவுமில்லை.

என் கவலையெல்லாம் மேடையோரம் பாலிதீன் உறையோடு நின்ற வீல்சேர்கள் பற்றித்தான். அத்தனையும் ஒரே அளவு. 18 அங்குல இருக்கை, வளர்ந்த ஆளுக்கானது.

பெருமூளை வாதம் உள்ள ஒரு பையனை அதில் உட்கார வைத்தார்கள். ஏழு வயதிருக்கும். கால் மிதிக்கு எட்டவில்லை. இரண்டு பக்கமும் ஆள் கை நுழையும் இடைவெளி. அம்மா பின்னாலிருந்து முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தார். "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் போட்டோகிராபர். அம்மா கையை எடுத்ததும் பையன் இடது பக்கம் சரிந்தான்.

கீழே வந்தபின் அந்த அம்மா சொன்னார்: "போன வருஷமும் இதே மாதிரி ஒண்ணு குடுத்தாங்க சார். சரிஞ்சு சரிஞ்சு விழறானுங்க. வீட்ல துணி போட்டு வெச்சிருக்கோமுங்க."

துணி போடும் இடமாகிப்போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அதிலேயே நாள் முழுக்க உட்கார வைத்தால்தான் ஆபத்து. தொய்ந்த ரெக்சின் இருக்கையில் இடுப்பு ஒரு பக்கமாகச் சாயும். உடம்பைத் தானே நிமிர்த்திக்கொள்ள முடியாத பிள்ளைக்கு நாளடைவில் முதுகெலும்பும் அந்தப் பக்கமே வளையும். மூச்சுவிடவும் சாப்பாட்டை விழுங்கவும் சிரமம் கூடும். இடுப்புப் பட்டை, பக்கவாட்டுத் தாங்கல், தலைக்கு அணை, உயரம் மாற்றக்கூடிய கால் மிதி, இவையெல்லாம் இப்படிப்பட்ட குழந்தைக்கு ஆடம்பரம் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டி, வீல்சேர் கொடுப்பதை எட்டுப் படிகளாகப் பிரிக்கிறது. ஆளைப் பரிசோதித்து அளவெடுப்பது, உட்கார வைத்துச் சரிபார்ப்பது, பிறகும் போய்ப் பார்த்துப் பழுது நீக்குவது எல்லாம் அதில் உண்டு. நம் விழாக்களில் நடப்பது ஒரே ஒரு படி, மேடையில் ஒப்படைப்பது.

ஒன்றுமே இல்லாததற்கு ஏதோ ஒன்று கிடைக்கட்டுமே என்று ஏற்பாட்டாளர்கள் சொல்கிறார்கள். நடக்க முடியாத பெரியவருக்கு அது பொருந்தலாம். வளரும் பிள்ளையின் முதுகெலும்புக்குப் பொருந்தாது. இன்று சரியாக இருக்கும் நாற்காலியே அடுத்த வருஷம் அவனுக்குச் சின்னதாகிவிடும்.

இந்த வருஷம் நன்கொடை எழுதுவதற்கு முன் விழா நடத்துபவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். குழந்தையை அளவெடுத்தது யார்? ஆறு மாதம் கழித்து வந்து பார்க்கப்போவது யார்? பதில் இல்லையென்றால், அதே பணத்தை உங்கள் ஊர்ச் சிறப்புப் பள்ளியில் ஒரு பிசியோதெரபிஸ்டின் சம்பளத்துக்குக் கொடுங்கள்.