பாலம் சுருங்கியது, கட்டடம் சுருங்கவில்லை

மே மாதக் கடைசியில் நியூயார்க் போகிறாள் என் அண்ணன் மகள். போன வாரம் அவள் அப்பாவின் கேமராப் பையை என் முன்னால் பிரித்து வைத்தாள். உள்ளே நான்கு லென்ஸ்கள்: 16–35, 24–70, 70–200, அப்புறம் குட்டியாக ஒரு 35.

"சித்தப்பா, ரெண்டுதான் கொண்டு போகலாம்னு அப்பா சொல்லிட்டார். எந்த ரெண்டு?"

பதில் சொல்லாமல் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையையும் கத்தரிக்கோலையும் கொடுத்தேன். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் 36 மில்லிமீட்டர் அகலம், 24 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு ஜன்னல் வெட்டுங்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவுக்குள் படம் விழுகிற சென்சாரின் அளவு அதுதான். (சின்ன சென்சார் கேமராக்களும் உண்டு. அவற்றில் பலவற்றுக்கு ஜன்னல் 24க்கு 16 இருந்தால் போதும்.) ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திறந்த கண்ணுக்கு 5 சென்டிமீட்டர் முன்னால் அட்டையைப் பிடியுங்கள். ஜன்னலில் எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவுதான் 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கும் தெரியும். அட்டையை 20 சென்டிமீட்டருக்குத் தள்ளினால் அது 200 மில்லிமீட்டர் லென்ஸ். கண்ணிமை உரசும்படி 2.4 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 24.

லென்ஸின் மேல் எழுதியிருக்கும் எண் அதன் குவியத் தூரம். வெகு தொலைவிலிருந்து வரும் ஒளி, லென்ஸைத் தாண்டி அந்தத் தூரத்தில் குவிந்து உருவமாகிறது. தூரம் குறைந்தால் உருவம் சிறிது. சென்சாரில் நிறைய அடங்கும். தூரம் கூடினால் உருவம் பெரிது; கொஞ்சம்தான் அடங்கும். 24 லென்ஸ் பக்கவாட்டில் 74 டிகிரி பார்க்கிறது, 50 லென்ஸ் 40 டிகிரி, 200 லென்ஸ் வெறும் 10 டிகிரி.

இப்போது நியூயார்க்குக்குப் போவோம். புரூக்ளின் ஆற்றங்கரையில் டம்போ என்று ஒரு பகுதி. அங்கே வாஷிங்டன் தெருவில் நின்றால் இரண்டு பக்கமும் செங்கல் கட்டடங்கள். நேர் எதிரே மன்ஹாட்டன் பாலத்தின் இரும்புக் கோபுரம். கோபுரத்தின் கால்களுக்கு நடுவே, ஏறக்குறைய 5 கிலோமீட்டருக்கு அப்பால், எம்பயர் ஸ்டேட் கட்டடம். சில படங்களில் அது ஊசி மாதிரி இருக்கும். வேறு சிலவற்றில் பாலத்துக்குப் பின்னாலேயே நிற்பதுபோல் பெரிதாகத் தெரியும். 'டெலி லென்ஸ் (200 மாதிரி நீண்ட லென்ஸ்) தூரத்தை நெருக்கிவிடும்' என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். லென்ஸ் அப்படி எதையும் செய்வதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பாலத்தின் கோபுரத்திலிருந்து 200 மீட்டரில் நிற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். தெருவில் 100 மீட்டர் பின்னால் நடக்கிறோம். இப்போது கோபுரம் 300 மீட்டரில் இருக்கிறது. அதனால் முன்பு தெரிந்ததில் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கிவிட்டது. எம்பயர் ஸ்டேட்? 5,000 மீட்டர் 5,100 ஆனது, அவ்வளவுதான். 2 சதவீதம்கூட முழுசாகச் சுருங்கவில்லை. பாலத்தோடு ஒப்பிட்டால் அது தானாகவே ஒன்றரை மடங்கு பெரிதாகிவிட்டது! இந்த வேலையைச் செய்தவை உங்கள் கால்கள். நீண்ட லென்ஸ் அந்தக் காட்சியின் நடுப்பகுதியைச் சென்சார் நிறையக் காட்டுகிறது.

சந்தேகமா? ஒரே இடத்தில் நின்று இரண்டு லென்ஸாலும் எடுங்கள். 24 லென்ஸ் படத்தின் நடுவை வெட்டிப் பெரிதாக்கினால், கொஞ்சம் மங்கலாக, 200 லென்ஸின் படமேதான் வரும். உங்கள் தெரு மின்கம்பத்தையும் தூரத்துத் தண்ணீர்த் தொட்டியையும் வைத்து, ஒரு செல்போனிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

அண்ணன் மகளுக்கு இன்னோர் ஆசை. மன்ஹாட்டனின் குறுக்குத் தெருக்கள் கட்டம் போட்டதுபோல் நேராக இருக்கும். 1811ஆம் ஆண்டுத் திட்டப்படி அமைந்த அந்தக் கட்டம், உண்மையான வடக்கிலிருந்து சுமார் 29 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதனால் மே மாதக் கடைசியிலும் ஜூலை நடுவிலும் சில நாள்கள், மாலைச் சூரியன் சரியாகத் தெருவின் கோட்டில் இறங்கும். மன்ஹாட்டன்ஹெஞ்ச் என்று பெயர். 42ஆம் தெருவில் அதற்காகவே கூட்டம் கூடும்.

ஆனால் சூரியன் வானத்தில் அரை டிகிரி அகலம்தான். 24 லென்ஸில் அதன் உருவம் கால் மில்லிமீட்டர்கூட வராது. கண் முன்னே தகதகவென்று நின்ற சூரியன் படத்தில் புள்ளியாகிவிடுவது இதனால்தான். 200 லென்ஸில் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர். அப்போதுதான் அது சூரியனாகத் தெரியும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: டெலி லென்ஸ் மாட்டிய கேமராவின் கண்ணாடித் துளை வழியாகச் சூரியனை ஒருபோதும் பார்க்கக் கூடாது. பூதக்கண்ணாடி காகிதத்தை எரிப்பதுபோல் அது கண்ணை எரித்துவிடும். திரையில் பாருங்கள்.

"அப்போ 70–200 ஒண்ணு. இன்னொண்ணு?"

ராத்திரிக்கு எது என்று கேட்டேன். எம்பயர் ஸ்டேட் மேல்தளத்துக்கு டிரைபாட் கொண்டுபோக அனுமதி இல்லை; கையில் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். அவளுடைய குட்டி 35 லென்ஸ் எஃப் 1.8 வரை திறக்கும். 35ஐ 1.8ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதுதான் ஒளி நுழையும் துளையின் விட்டம். எஃப் 4 என்றால் துளை 9 மில்லிமீட்டர்கூட இல்லை. பரப்பளவில் ஏறக்குறைய 5 மடங்கு வித்தியாசம். அதே ஒளி சேர, பெரிய துளைக்கு ஐந்தில் ஒரு பங்கு நேரம் போதும். நொடியில் பத்தில் ஒரு பங்கு கை ஆடாமல் பிடிப்பது கஷ்டம். ஐம்பதில் ஒரு பங்கு என்றால் அவளால் முடியும். எனக்கு அந்தக் குட்டி லென்ஸ்மேல் தனிப் பிரியம். கழுத்து வலிக்காது, நாள் முழுக்க நடக்கலாம்.

"ஆனா ஃபிளாட்டயர்ன் கட்டடம் 35ல அடங்காதே?"

இஸ்திரிப்பெட்டி மாதிரி முனை கூரான அந்தக் கட்டடம் 1902இல் கட்டப்பட்டது. உயரம் 87 மீட்டர். பக்கத்தில் நின்று கேமராவை அண்ணாந்து பிடித்தால், உச்சி நம்மிடமிருந்து மிகத் தள்ளியிருப்பதால் சின்னதாக விழும். சுவர்கள் மேலே கூம்பி, கட்டடம் பின்னால் சாய்வதுபோல் தெரியும். கேமராவை நெட்டுக்குத்தாக, சாய்க்காமல் பிடித்தால் சுவர்கள் நேராக நிற்கும். ஆனால் தொடுவானம் படத்தின் நடுவில் வந்துவிடும். கட்டடத்துக்குக் கிடைப்பது 36 மில்லிமீட்டரில் மேல்பாதி, 18தான்.

நோட்டில் கணக்குப் போட்டாள். 87ஐ 35ஆல் பெருக்கி 18ஆல் வகுத்தாள். 169 மீட்டர். கட்டடத்தின் கூர்முனை 23ஆம் தெருவைப் பார்த்திருக்கிறது. அங்கே இரண்டு தெருக்களுக்கு இடையே சுமார் 80 மீட்டர்.

"23லேருந்து வடக்கே ரெண்டு தெரு தாண்டி, இன்னும் பத்துப் பதினைஞ்சு அடி வைக்கணும்" என்று எழுதிக் கீழே கோடு போட்டாள். மற்ற இரண்டு லென்ஸையும் பையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தாள். அந்தக் கல்யாணப் பத்திரிகை பைக்குள் போனது.