தவறியவரும் நம்பலாம்

போளூர், மன்னவனூர், கவுஞ்சி என மேல்மலை நேயர்களே, கொடைக்கானல் போகும்போது வட்டக்கானல் பக்கம் இஸ்ரேலிய இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். கட்டாய ராணுவப் பணியை முடித்துவிட்டு வருகிறவர்கள் அவர்களில் பலர். செப்டம்பர், அக்டோபரில் வரும் அவர்களுடைய யூதப் பண்டிகைகளில் பெரியது யோம் கிப்பூர் என்னும் பாவமன்னிப்பு நாள். சுமார் 25 மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத விரதம்.

அன்று பிற்பகல் ஜெப ஆலயங்களில் யோனாவின் கதையை வாசிப்பார்கள். இறைவன் இட்ட வேலையைத் தட்டிக்கழித்துக் கப்பலேறி ஓடியவர் அவர். நடுக்கடலில், மீனின் வயிற்றுக்குள் கிடந்துதான் வேண்டுகிறார். ஓடிப்போனவரின் வேண்டுதலும் கேட்கப்படுகிறது.

13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த யூத அறிஞர் நாக்மனிதேஸின் பெயரில் வழங்கும் ஒரு நூல் இதை இன்னும் துணிவாகச் சொல்கிறது. யூத வேதத்தின் 37ஆம் சங்கீதம் நன்மை செய்யச் சொல்வதற்கு முன்பே இறைவனை நம்பச் சொல்கிறதாம். ஆகவே, காட்டுவதற்கு ஒரு நற்செயலும் இல்லாதவர்கூட நம்பிக்கையோடு வரலாம். தகுதி வந்த பிறகு கும்பிடலாம் என்று ஒதுங்கி நிற்கிற எத்தனையோ பேருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

அதற்காகப் பொறுப்பு கழன்றுவிடாது. சக மனிதருக்குச் செய்த தீங்கை, அவரைச் சமாதானப்படுத்தாதவரை யோம் கிப்பூரும் தீர்க்காது என்கிறது மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டநூல். அதனால் விரதம் தொடங்குமுன் உறவினரையும் நண்பரையும் தேடிப் போய் மன்னிப்புக் கேட்பது யூதர்களின் வழக்கம்.