கம்பத்தில் ஏறும் கண்: படகில் ரேடார் ஆன்டெனா பொருத்தும் முறை

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்

முன்னுரை

இருளிலும் பனியிலும் அடைமழையிலும் மனிதனின் கண் தோற்றுப் போகிறது. அவ்வாறு தோற்கும் இடத்தில் அறிவியல் அவனுக்கு அளித்த இன்னொரு கண்ணே ரேடார் ஆகும். விமான நிலையத்திலும் போர்க்கப்பலிலும் மட்டுமே இருப்பது என்று நம்மில் பலர் எண்ணும் இக்கருவி, இன்று ஆழ்கடலில் தங்கி மீன் பிடிக்கும் விசைப்படகுகளிலும் ஏறிவிட்டது.

நான் குமரி மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து வருபவன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள். என் தந்தையார் 25 ஆண்டுகளாகப் படகில் வேலை செய்து வருகிறார். எங்கள் பகுதிப் படகுகள் வாரக்கணக்கில் கடலில் கிடப்பவை. பெருங்கப்பல்கள் செல்லும் பாதையைக் குறுக்கே கடப்பவை. 2018 ஆகஸ்டில் கேரளத்து முனம்பத்திலிருந்து சென்ற படகு ஒன்றின் மீது கப்பல் மோதியதில் எங்கள் மாவட்டத்து மீனவர் பலர் உயிரிழந்தனர். எனவே படகுக்காரர் ரேடார் வாங்குவது ஆடம்பரத்திற்கு அன்று, உயிர்ப் பயத்தால்.

ஆனால் வாங்கினால் மட்டும் போதாது. அதனைச் சரியான இடத்தில், சரியான உயரத்தில், ஆபத்தின்றிப் பொருத்த வேண்டும். இதற்கு வேண்டிய இயற்பியல் பெரும்பாலும் நம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதனை எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ரேடார் காண்பது எங்ஙனம்?

கிணற்றுக்குள் கூவினால் எதிரொலி வருகிறது. ஒலிக்குப் பதில் மின்காந்த அலையை அனுப்பி எதிரொலியைப் பெறுவதே ரேடார். 1904 இல் ஜெர்மானியரான ஹுல்ஸ்மேயர், கப்பல் மோதலைத் தடுப்பதற்கென்றே இத்தகைய கருவி ஒன்றைச் செய்து காட்டினார். 1935 இல் வாட்சன் வாட் இங்கிலாந்தில் வானொலி அலைகளைக் கொண்டு விமானத்தைக் கண்டறிந்தார். 1940 இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டாலும் பூட்டும் ஆக்கிய குழி மாக்னெட்ரான், சிறு கருவியிலிருந்தே வலிமையான நுண்ணலைகளைப் பெற வழி செய்தது.

சிறு படகுகளின் ரேடார் ஏறத்தாழ 9,400 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகிறது. அலை நீளம் சுமார் 3.2 சென்டிமீட்டர். அலை நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், துடிப்பு போய்த் திரும்ப ஒரு மைக்ரோ நொடி ஆனால் பொருள் 150 மீட்டரில் உள்ளது என்று பொருள். ஒரு கடல்மைல் தொலைவுக்குச் சுமார் 12.3 மைக்ரோ நொடி ஆகும்.

ஆன்டெனா நீளமாக இருந்தால் அலைக்கற்றை குறுகும். 60 சென்டிமீட்டர் ஆன்டெனாவின் கற்றை ஏறத்தாழ 4 பாகை அகலம். 120 சென்டிமீட்டர் சட்டத்தினுடையது 2 பாகை. 3 கடல்மைல் தொலைவில் 4 பாகை என்பது சுமார் 390 மீட்டர் அகலமாகும். அங்கே 300 மீட்டர் இடைவெளியில் அருகருகே நிற்கும் இரு படகுகளும் திரையில் ஒரே புள்ளியாகத் தெரியும். நீண்ட சட்டம் அவற்றைப் பிரித்துக் காட்டும். மூடிய குடுவைக்குள் சுழலும் சிறிய வகையை விட்டு, திறந்த வெளியில் சுழலும் நீண்ட வகையைச் சிலர் வாங்குவது இதனால்தான். ஆனால் திறந்து சுழல்வதில் ஓர் ஆபத்தும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

எவ்வளவு உயரம் வேண்டும்?

‘எவ்வளவு மேலே வைக்கிறோமோ அவ்வளவு தூரம் தெரியும்’ என்பது துறைமுகத்தில் எல்லாரும் சொல்லும் பேச்சு. இது பாதி உண்மையே.

பூமி வளைந்திருப்பதால் ரேடாருக்கும் ஒரு தொடுவானம் உண்டு. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 2.2 ஆல் பெருக்கினால் தொடுவானத் தொலைவு கடல்மைலில் கிடைக்கும். எதிரிலுள்ள பொருளின் உயரத்துக்கும் அவ்வாறே கண்டு கூட்ட வேண்டும். ஆன்டெனா 4 மீட்டரிலும் எதிர்க் கப்பலின் மேற்பகுதி 16 மீட்டரிலும் இருப்பதாகக் கொள்வோம். 4.4 உடன் 8.8 கூட்ட 13.2 கடல்மைல். ஆன்டெனாவை 9 மீட்டருக்கு உயர்த்தினால் 15.4 கடல்மைல். உயரம் இரு மடங்குக்கு மேல் கூடியும் பார்வை கூடியது 2.2 கடல்மைல் மட்டுமே!

இதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன? 20 கிலோ எடையுள்ள ஆன்டெனா 4 மீட்டரில் இருப்பதைவிட 9 மீட்டரில் இருக்கும்போது, படகு சாயும் வேளையில் அதனை மேலும் சாய்க்கும் திருப்புத்திறன் இரண்டேகால் மடங்காகிறது. கம்பத்தின் அடியில் விழும் இழுப்பும் அவ்வாறே கூடுகிறது.

இன்னொரு விலையும் உண்டு. கற்றை மேலும் கீழுமாகச் சுமார் 25 பாகை விரிகிறது. அதாவது கிடைமட்டத்துக்குக் கீழே 12.5 பாகை. 4 மீட்டரிலிருந்து புறப்படும் கற்றையின் அடி விளிம்பு 18 மீட்டர் தொலைவில் நீரைத் தொடும். 9 மீட்டரிலிருந்து சுமார் 40 மீட்டரில் தொடும். அதற்கு உட்பட்ட சிறு வள்ளம் கண்ணில் படாமலே போகலாம். ஆகவே வேண்டிய அளவு உயரமே நல்ல உயரம். நிற்பவர் தலைக்கு மேலே கற்றை செல்ல வேண்டும். கேபின் கூரையும் பிற கம்பங்களும் அதனை மறைக்கக் கூடாது. அதற்கு மேல் உயர்த்துவது படகின் நிலைப்பைக் குறைப்பதே ஆகும்.

எந்த இடம் வேண்டும்?

நுண்ணலை நேர்கோட்டில் செல்வதால் இரும்புக் கம்பமும் புகைபோக்கியும் அதற்கு முன்னால் நிழல் உண்டாக்கும். அந்நிழலில் கப்பல் வந்தாலும் திரை வெறுமையாகவே இருக்கும். எனவே ஆன்டெனாவின் முன்புறம், அதாவது அணியத்தின் பக்கம், முற்றிலும் திறந்திருக்க வேண்டும். தவிர்க்க முடியாத நிழலைப் பின்புறத்துக்குத் தள்ள வேண்டும். அருகிலுள்ள இரும்புப் பரப்பில் அலை பட்டுத் திரும்பினால், இல்லாத படகு இருப்பதாகவும் திரை காட்டும்.

மாக்னெட்ரானுக்குள் வலிமையான நிலைக்காந்தம் இருக்கிறது. அதனைத் திசைகாட்டியின் அருகில் வைத்தால் ஊசி பொய் சொல்லும். எத்தனை தூரம் தள்ளி வைக்க வேண்டும் என்பது ஒவ்வொரு கருவியின் கையேட்டிலும் அச்சிடப்பட்டிருக்கும். வி.எச்.எப். வானொலி, ஜி.பி.எஸ். ஆகியவற்றின் ஆன்டெனாக்கள் ரேடார்க் கற்றையின் மட்டத்தில் நிற்கலாகாது.

புகைபோக்கிக்கு நேர் பின்னும் வேண்டாம். சூடும் கரியும் கருவியைக் கெடுக்கும்.

பொருத்தும் வேலை

பீடம் கிடைமட்டமாகவும் அதிராததாகவும் இருக்க வேண்டும். ஆன்டெனாவில் குறித்துள்ள முன்பக்கம் அணியத்தை நோக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகுப் போல்ட்டு அலுமினியத்தை நேரே தொட்டால், உப்புநீர் இடையே புகுந்து அங்கே ஒரு மின்கலம் உண்டாகிவிடும். அலுமினியம் அரித்துப் போகும். முதலாண்டு வேதியியலில் படித்த கால்வானிக் அரிமானம் இதுவே. இரண்டுக்கும் நடுவே மின்கடத்தா வாசர் இட வேண்டும். அதிர்வில் கழலாதபடி பூட்டு வாசரும் வேண்டும்.

கம்பியைக் கூர்மையாக மடக்கலாகாது. ஆன்டெனாவுக்குள் நுழையுமிடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைநீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். அடியிலுள்ள வடிகால் துளையைப் பசையிட்டு அடைத்துவிடக் கூடாது. அலை வெளிப்படும் முகப்பில் பெயின்ட் பூசுவதும் தவறு. பெயின்ட்டில் உலோகத்தூள் இருந்தால் அது அலையைத் தடுக்கும். பியூஸ் பேட்டரிக்கு அருகில் இருத்தல் நலம்.

தூக்கும்போது சுழலும் சட்டத்தைப் பிடித்துத் தூக்காமல் அடிப்பாகத்தைப் பிடிக்க வேண்டும். கீழே எவரும் நிற்கலாகாது. ஏறுபவர் இடுப்பில் பாதுகாப்புப் பட்டை வேண்டும். ஸ்பானரைக் கயிற்றில் கட்டிக்கொள்ள வேண்டும். படகு துறைமுகத்தில் அசையாது நிற்கும் நாளே இதற்கு உகந்தது.

சுவிட்சும் பியூசும்

இனி நான் கூறுவது எங்கள் வீட்டில் நடந்தது.

சென்ற மீன்பிடித் தடைக்காலத்தில், ஜூன் மாதம், அப்பா வேலை செய்யும் படகில் 4 அடிச் சட்டம் கொண்ட ரேடார் ஏற்றினார்கள். பெட்டியோடு வந்த கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. படகில் அதனைப் படிக்க ஆளில்லை. அப்பா அதனை வீட்டுக்குக் கொண்டுவந்து, “மக்கா, இதுல என்னமோ எழுதியிருக்கான், பாத்துச் சொல்லு” என்று என்னிடம் தந்தார். பருவத் தேர்வு எழுதிய களைப்பில், பிறகு பார்க்கலாம் என்று அதனை அலமாரியில் வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அப்பா கம்பத்தின் மேல் நின்று கடைசிப் போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். கீழே கேபினில் இளைஞன் ஒருவன், படம் வருகிறதா என்று பார்க்கும் ஆவலில் சுவிட்சைப் போட்டான். மாக்னெட்ரான் சூடேற ஒன்றரை நிமிடம் ஆகும். அதுவரை மேலே ஒன்றும் அசையாது. பிறகு அவன் இன்னொரு பொத்தானை அழுத்தினான். சட்டம் ஓசையின்றிச் சுழலத் தொடங்கியது.

அதன் வேகத்தைக் கணக்கிட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு 24 சுற்று; மையத்திலிருந்து முனை வரை 0.6 மீட்டர். முனையின் வேகம் நொடிக்கு 1.5 மீட்டர். அது மனிதன் நடக்கும் வேகமே. ஆனால் ஒரு கையால் கம்பத்தைப் பிடித்து நிற்பவரைத் தள்ள அதுவே போதும். அப்பா கூரையின் மேல் விழுந்தார். இடக்கை மணிக்கட்டு முறிந்தது. கூரை தாங்கியிராவிட்டால் தலை தளத்தில் மோதியிருக்கும். ஆகஸ்டு முதல் நாள் படகுகள் எல்லாம் கடலுக்குப் போயின; அப்பா கரையில் நின்று பார்த்தார். மூன்று மாதம் அம்மாவின் கருவாட்டுக் கூடைதான் எங்கள் வீட்டில் உலை வைத்தது.

மருத்துவமனையில் அவர் அருகில் உட்கார்ந்து அக்கையேட்டைப் பிரித்தேன். முதற்பக்கத்திலேயே எச்சரிக்கை இருந்தது. தமிழில் படித்துக் காட்டினேன். அப்பா கோபப்படவில்லை. “முன்னாலயே சொல்லியிருந்தா பியூசக் கழட்டிட்டுல்லா ஏறியிருப்பேன்” என்று மட்டும் சொன்னார்.

அப்பக்கங்களில் இருந்தவற்றையும், படித்ததில் நான் உணர்ந்தவற்றையும் இங்கே தருகிறேன்.

1. ஏறுமுன் சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. பியூசைக் கழற்றி, ஏறுபவர் தம் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். சில வகைகளில் ஆன்டெனாவிலேயே தனிச் சுவிட்ச் உண்டு. அதையும் நிறுத்த வேண்டும்.

2. ‘மேலே ஆள் இருக்கிறார், தொடாதே’ என்று தமிழில் எழுதித் திரையின் மீது தொங்கவிட வேண்டும். மொழி தெரியாத தொழிலாளர் இருந்தால் வாயாலும் சொல்ல வேண்டும்.

3. மாக்னெட்ரானுக்குப் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் செல்கிறது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும். பயிற்சி பெற்றவரன்றிப் பிறர் மூடியைத் திறக்கலாகாது.

4. இயங்கும் ஆன்டெனாவின் முன் அருகே நின்று பார்க்கக் கூடாது. 6 கிலோவாட் என்பது உச்சத் திறனே. துடிப்பு 0.8 மைக்ரோ நொடி, நொடிக்கு 600 துடிப்பு என்று கொண்டால் சராசரித் திறன் சுமார் 3 வாட்தான். ஆயினும் அது 0.1 சதுர மீட்டர் முகப்பின் வழியே வருவதால், முகப்பின் எதிரே சதுர மீட்டருக்கு 30 வாட் ஆகிறது. பொதுமக்களுக்குப் பன்னாட்டுக் குழு வகுத்துள்ள எல்லை 10 வாட். சுழலும்போது சராசரி மிகக் குறையும். சட்டம் நின்றபடி அலை வெளிப்பட்டால் குறையாது. கண்ணின் வில்லையில் இரத்த ஓட்டம் இல்லாததால் சூடு எளிதில் வெளியேறாது. கையேடு கூறும் தொலைவுக்கு அப்பால் நிற்பதே அறிவுடைமை.

பொருத்திய பின் சோதனை

எல்லாரும் கீழே இறங்கியதை எண்ணிப் பார்த்த பின்னரே இயக்க வேண்டும். படகின் முனைக்கு நேரே தனித்து நிற்கும் மிதவை ஒன்றைக் கண்ணால் குறிவைத்து, திரையிலும் அது நேர்முன்னே தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் முகக்கோட்டைத் திருத்த வேண்டும். அடுத்து, அருகிலுள்ள நேரான அலைதடுப்புச் சுவரைப் பார்க்க வேண்டும். அது திரையில் வளைந்து தெரிந்தால் துடிப்பின் நேரக்கணக்கு பிழை என்று அறியலாம். முதற் பயணம் முடிந்ததும் போல்ட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்ப்பது நல்லது.

முடிவுரை

ரேடார் இருக்கிறது என்று ஸ்ராங்கு உறங்கிவிடக் கூடாது. மரத்தாலும் பைபராலும் ஆன சிறு படகுகள் வலுவான எதிரொலி தருவதில்லை. 1972 ஆம் ஆண்டுப் பன்னாட்டு மோதல் தடுப்பு விதிகளும் கண்ணாலும் காதாலும் காவல் காப்பதையே முதலில் கூறி, பிற வழிகளை அதனோடு சேர்க்கின்றன.

அப்பா இப்போது மீண்டும் கடலுக்குப் போகிறார். அக்கையேட்டின் எச்சரிக்கைப் பக்கங்களை நான் ஒரே தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அது கேபினில் ஒட்டப்பட்டிருக்கிறது. பக்கத்துப் படகுக்காரர் இருவரும் படி எடுத்துக்கொண்டனர்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டின் முதற் பட்டதாரிகளாக ஆக இருப்பவர்கள். நம் தந்தையர் வயலிலும் ஆலையிலும் கடலிலும் கையாளும் கருவிகளோடு, அவர்கள் படிக்க இயலாத ஒரு தாள் வருகிறது. அதனை அலமாரியில் வைத்துவிடாமல் அன்றைக்கே படித்துச் சொல்வோமாக.