கொண்டைச் சீப்பும் அழுங்காமையும்

சீப்பு மங்கையர்க்குரிய அணி என்றே பலரும் எண்ணுவர். இலங்கையின் மேற்கு, தெற்குக் கரையோரங்களிலோ, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது ஆடவரின் பெருமைக்குரிய அணியாய் விளங்கிற்று. கூந்தலை நீள வளர்த்துப் பின்புறம் கொண்டையாக முடிந்து, உச்சியிலே பிறை வடிவான சீப்பு ஒன்றைச் செருகிக்கொள்வது கரையோரச் சிங்கள ஆடவரின் வழக்கம். முதலியார் முதலிய உயர் பதவியினர் கொண்டையின் பின்னே உயர்ந்த மற்றொரு சீப்பையும் சேர்த்து அணிந்தனர். கப்பலிலிருந்து இறங்கிய ஐரோப்பியர் சிலர் இவர்களைப் பெண்களென மயங்கினர் என்பது நகைப்பிற்குரிய செய்தி.

ஜப்பானிய மகளிரின் பழைய சீப்புகளை இன்று உலகெங்கும் விரும்பிச் சேகரிப்போர் உளர். அவற்றுட் பல, மரத்தின்மேல் அரக்குப் பூசி, அது உலருமுன் பொற்பொடி தூவிச் சித்திரம் தீட்டியவை. அவ்வரக்கு ஒருவகை மரத்தின் பால். நம் நாட்டு மாத்தளை அரக்கோ பூச்சியிலிருந்து பெறுவது. எனினும் ஜப்பானியச் சீப்பிற்கும் இலங்கைச் சீப்பிற்கும் பொதுவான பொருள் ஒன்றுண்டு. அதுவே அழுங்காமையின் ஓடு.

அழுங்காமையின் முதுகில், கூரையோடு போல ஒன்றன்மேலொன்றாகப் படிந்த பதின்மூன்று பெருந்தகடுகள் உள்ளன. அவை நம் நகத்தையும் கொம்பையும் ஒத்த பொருளாலானவை. வெந்நீரில் இட்டால் இளகும், விரும்பியவாறு வளைக்கலாம். சூட்டினாலும் அழுத்தத்தினாலும் இரு துண்டுகளைப் பசையின்றியே ஒட்டலாம். இலங்கையின் ஆமையோடு பண்டு தொட்டே பெயர் பெற்றது. பெரிப்புளுஸ் எனும் கிரேக்கக் கடற்பயண நூல், கி.பி. முதல் நூற்றாண்டிலேயே இத்தீவின் விளைபொருள்களில் முத்தோடு அதனையும் சேர்த்துரைக்கின்றது.

அழகின் மறுபுறம் கொடியது. கொன்றபின் எடுத்த ஓடு மங்கிவிடும் என்பதனால், முட்டையிடக் கரையேறிய ஆமையை உயிருடன் பிடித்து நெருப்பின்மேல் தொங்கவிட்டுத் தகடுகள் கழன்றதும் கடலில் விட்டனர் என எமர்சன் தெனன்ட் 1861இல் எழுதியுள்ளார். அவரே மற்றொரு செய்தியும் தருகின்றார். 1826இல் அம்பாந்தோட்டையருகே பிடிபட்ட அழுங்காமை ஒன்றின் துடுப்பில் வளையம் ஒன்று இருந்ததாம். ஆமைகள் அதே கரைக்குத் திரும்புகின்றனவா என்றறிய, முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒல்லாந்த அதிகாரி ஒருவர் பூட்டிய வளையம் அது! அவ்வாறு பழகிய கரைக்கே மீளும் தாயாமைகளைப் பிடித்துத் தீர்த்தால், அக்கரை மீண்டும் நிறைவது எளிதன்று.

அழுங்காமையின் முக்கிய உணவு பவளப்பாரில் வளரும் கடற்பஞ்சு. ஆதலால் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் அதற்கு உகந்த இடம். அப்பார் 1992இல் சரணாலயமாக்கப்பட்டது. இலங்கையில் 1972 முதல் கடலாமைகள் சட்டத்தாற் காக்கப்படுகின்றன. உலக வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையில் 1979இல் இந்நாடு சேர்ந்தது. ஆமையோட்டை மிகுதியாக வாங்கிய ஜப்பானும் 1992 இறுதியோடு இறக்குமதியை நிறுத்திற்று. வலைகளிற் சிக்கி மடிவதோ இன்னும் ஓயவில்லை.

சிலாபம் முதல் கற்பிட்டி வரை ஏதேனும் ஒரு வீட்டுப் பெட்டகத்தில் பாட்டனாரின் சீப்பு கிடந்து, அயல்நாட்டார் ஒருவர் அதற்கு நல்ல விலை கூறுவாராயின், வீட்டார் அவசரப்படலாகாது. எத்துணைப் பழமையானதாயினும், உரிய அனுமதியின்றி அதனைக் கடல் கடத்துவது குற்றம். உண்மையான ஓடா, செல்லுலாயிட்டா என்றறியச் சுட்ட ஊசியாற் குத்திப் பார்ப்பாரும் உளர். முன்னது எரிந்த மயிர் நாற்றம் தரும். பின்னது கர்ப்பூரம் மணக்கும். ஆயின் செல்லுலாயிட்டு சட்டெனத் தீப்பற்றும். ஓட்டிலும் வடு நிலைத்துவிடும். ஒளியில் பிடித்துப் பார்ப்பதே தக்கது: மெய்யான ஓட்டில் தேன்நிறமும் கபிலமும் ஒன்றிற்குள் ஒன்று கரைந்து தோன்றும். வெயிலும் வறட்சியும் அதனைக் கெடுக்கும், பூச்சியும் அரிக்கும். மென்துணியிற் சுற்றி, செல்லுலாயிட்டுப் பொருள்களோடு சேர்க்காது வைத்து, அணிந்தவர் பெயரையும் ஊரையும் ஒரு தாளில் எழுதி உடன் வைத்தல் நன்று.