ஒயில் குடிக்கும் எஞ்சின்: கழற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்

"வாகனம் ஒயில் குடிக்குது." வடக்கிலும் கிழக்கிலும் பழைய கார், வான், ‘பட்டா’ வைத்து ஓடுபவர்கள் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு இது. வாகனம் நிற்கும் இடத்தில் ஒரு சொட்டுக் கசிவும் இருக்காது. ஆனால் ஒயில் மாற்றிச் சில வாரங்களிலேயே டிப் ஸ்டிக்கின் நுனி காய்ந்துபோயிருக்கும். கராச்சுக்குக் கொண்டுபோனால் ஒருவர், "இந்த வயசு வாகனத்துக்கு இது சாதாரணம்" என்பார். இன்னொருவர், "எஞ்சினைக் கழற்றி ரிங் போடவேணும்" என்பார். எதை நம்புவதென்று தெரியாமல் உரிமையாளர் ஒயில் கானுடன் அலைவார்.

இது வெறும் வாகனப் பிரச்சினை அல்ல. போருக்குப் பின்னர் லீசிங்கில் வாகனம் எடுத்து, ஹயர் ஓடிக் குடும்பம் நடத்துபவர்கள் எம்மிடையே ஏராளம். வாகனம் கராச்சில் நின்றாலும் லீசிங் தவணை நிற்காது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் இருந்த வாகனத்தையே ஓட்டித் தேய்த்தோம். இறக்குமதி திறந்த பின்னரும், வரியோடு சேர்ந்த விலை பலருக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆகவே கையில் இருக்கும் எஞ்சினைக் காப்பாற்றுவதே பலருக்கும் உள்ள ஒரே வழி.

ஒயில் எங்கே போகிறது?

பெரும்பாலான எஞ்சின்களில் ஒவ்வொரு பிஸ்டனிலும் மூன்று ரிங்குகள் இருக்கும். மேலே உள்ள இரண்டும் முக்கியமாக எரிவாயுவின் அழுத்தம் கீழே இறங்காமல் தடுப்பவை. கீழே உள்ள மூன்றாவது, சிலிண்டர் சுவரில் படியும் மேலதிக ஒயிலை வழித்துக் கீழே அனுப்புவது. வழிக்கப்பட்ட ஒயில் திரும்பிப் போவதற்கு அந்த ரிங்கின் பின்னால் பிஸ்டனில் சிறு துளைகள் இருக்கும். ஒயிலை நேரத்துக்கு மாற்றாமல் விட்டால் கரி படிந்து துளைகள் அடைபடும்; ரிங் அசையாமல் இறுகிவிடும். அப்போது வழிக்கப்படாத ஒயில் மேலே ஏறி, பெற்றோலுடன் சேர்ந்து எரிந்துவிடும்.

இரண்டாவது பாதை வால்வு சீல். வால்வின் தண்டைச் சுற்றியுள்ள இந்தச் சிறிய றப்பர், வெப்பத்தாலும் வயதாலும் இறுகி வெடிக்கும். அந்த இடைவெளியால் ஒயில் மேலிருந்து கீழே வடியும்.

மூன்றாவது பாதை பி.சி.வி. வால்வு. எஞ்சினுக்குள் தேங்கும் வாயுவை வெளியே எடுத்து மீண்டும் எரிப்பதற்கு அனுப்பும் சிறு பாகம் இது. இது பழுதானால் வாயுவுடன் ஒயிலும் இழுபடும். மூன்றிலும் மலிவானது இதுதான்; மாற்றுவதும் சுலபம். ஆனாலும் பல இடங்களில் கடைசியாகத்தான் இதைப் பார்க்கிறார்கள்.

எமது பகுதிக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு: புழுதி. எயார் ஃபில்டர் கிழிந்திருந்தாலோ சரியாகப் பொருந்தாமல் இருந்தாலோ, செம்மண் தெருவில் எழும் நுண்மணல் நேரே சிலிண்டருக்குள் போய் அரத்தாள் போலச் சுவரையும் ரிங்கையும் தேய்த்துவிடும்.

மண்ணெண்ணெய்க் காலம் கற்பித்தது

பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டிலும் பின்னர் வன்னியிலும் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டியவர்களுக்கு இந்தத் தேய்மானம் புதிதல்ல. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிய அனுபவம் ஒரு தலைமுறைக்கே உண்டு. ஒஸ்ரின், மொறிஸ் போன்ற பழைய கார்கள் அதைத் தாங்கியதற்கு, அவற்றின் எஞ்சின்களில் அழுத்த விகிதம் குறைவாக இருந்தது முக்கிய காரணம். ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. பெற்றோல் எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாது. எரியாத பகுதி சிலிண்டர் சுவரில் உள்ள ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, ஒயிலுடன் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். படலம் இல்லாத சுவரில் ரிங் உராய்ந்து தேயும்.

மண்ணெண்ணெய் கலந்த பெற்றோல் இன்றும் இதே வேலையைத்தான் செய்யும். அப்போது டிப் ஸ்டிக்கில் ஒயில் மட்டம் குறையாது. மாறாகக் கூடவும் செய்யலாம். ஒயிலில் எரிபொருள் மணந்தால், மட்டம் சரியாக இருந்தாலும் அந்த ஒயிலை உடனே மாற்ற வேண்டும்.

சிவப்பு விளக்கை நம்ப வேண்டாம்

ஒயில் குறைந்தால் டாஷ்போர்ட்டில் விளக்கு எரியும் என்று பலர் நினைக்கிறார்கள். வழமையான சிவப்பு விளக்கு காட்டுவது ஒயிலின் மட்டத்தை அல்ல, அழுத்தத்தை. பம்ப் உறிஞ்சுவதற்கு ஒயில் போதாமல் போன பின்னர்தான் அது எரியும். அதற்குள் பெயரிங்குகள் அடிபட்டிருக்கலாம். ஒயில் எரிவதை விட, குறைந்ததைக் கவனியாமல் ஓடுவதே பல எஞ்சின்களைக் கொல்கிறது.

பல சிறிய கார்களில் டிப் ஸ்டிக்கின் மேல் குறிக்கும் கீழ் குறிக்கும் இடையிலான அளவு ஏறத்தாழ 1 லீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு போய்த் திரும்பச் சுமார் 800 கிலோமீற்றர். 1,000 கிலோமீற்றருக்கு 1 லீற்றர் எரிக்கும் கார் மேல் குறியில் புறப்பட்டாலும், வீடு வந்து சேரும்போது கீழ் குறியை நெருங்கியிருக்கும். அரைவாசி மட்டத்தில் புறப்பட்டிருந்தால், வழியிலேயே ஆபத்து எல்லைக்குள் போய்விடும்.

அளப்பது எப்படி?

எஞ்சினை நிறுத்தி, சமதரையில் பத்து நிமிடம் விட்ட பின்னர் பாருங்கள். மேல் குறி வரை ஒயில் விட்டு, கிலோமீற்றரைக் குறித்துக்கொள்ளுங்கள். 1,000 கிலோமீற்றர் ஓடிய பின்னர் அதே இடத்தில், அதே முறையில் பார்த்து, மீண்டும் மேல் குறி வரை கொண்டுவர எத்தனை மில்லிலீற்றர் தேவைப்பட்டது என்று அளவுக் கோப்பையால் அளந்து எழுதுங்கள். இடையில் அடிக்கடி மட்டத்தைப் பாருங்கள். கீழ் குறியைத் தொட்டால் ஆயிரம் முடியும்வரை காத்திருக்காமல், அளந்தே ஒயில் விட்டு அதையும் கணக்கில் சேருங்கள். மேல் குறியைத் தாண்டி ஊற்றக் கூடாது. அதிகப்படியான ஒயிலும் எரிந்துதான் போகும்.

இந்த அளவின் பெறுமதியை அமெரிக்காவில் நடந்த ஒரு விடயம் காட்டுகிறது. அங்கு விற்கப்பட்ட 2007 முதல் 2009 வரையான டொயோட்டா கெம்ரி கார்களில், 2ஏஇசட்-எஃப்ஈ என்ற 2.4 லீற்றர் எஞ்சின் ஒயில் குடிப்பதாக முறைப்பாடுகள் குவிந்தன. 2011இல் நிறுவனம் தன் முகவர்களுக்குத் தொழில்நுட்ப அறிவித்தல் ஒன்றை வெளியிட்டது. 1,200 மைலுக்கு ஒரு குவார்ட், அதாவது சுமார் 1,900 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவான அளவுக்கு மேல் எரித்தால், பிஸ்டனும் ரிங்கும் மாற்றப்படும் என்பதே அதன் சாரம். பின்னர் இந்தப் பழுதுக்கான உத்தரவாதக் காலமும் நீடிக்கப்பட்டது. "ஒயில் குறையுது" என்ற பேச்சு அங்கு எடுபடவில்லை. அளந்து காட்டிய கணக்குத்தான் எடுபட்டது. பாவித்த வாகனத்தை வாங்கி ஓடும் எமக்கு அப்படியான உத்தரவாதம் கிடையாது. ஆனால் அந்த எல்லையை ஒரு அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். 1,000 கிலோமீற்றருக்கு 200 மில்லிலீற்றர் குறையும் பழைய எஞ்சினை, ஒயில் விட்டுக் கவனமாக ஓடலாம். 500ஐத் தாண்டினால் காரணத்தைத் தேட வேண்டும்.

புகை சொல்லும் சேதி

நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு தரம் நீலமாக வந்து நின்றால் வால்வு சீல் மீது சந்தேகம். ஓடும்போது காலை எடுத்து, சற்று நேரம் கழித்து மீண்டும் அழுத்தும் கணத்தில் வந்தாலும் அதுவே. வேகம் எடுக்கும்போதும் பாரம் ஏற்றும்போதும் தொடர்ந்து வந்தால் ரிங்கின் பக்கம் பார்க்க வேண்டும். எஞ்சின் சூடான பின்னரும் அடர்ந்த வெள்ளைப் புகை வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் அது வேறு பழுது. கறுப்புப் புகை எரிபொருள் சம்பந்தப்பட்டது. டேர்போ உள்ள டீசல் வானில், டேர்போவின் சீலும் ஒயிலை விடலாம்.

புகை தெரியவில்லை என்பதால் ஒயில் எரியவில்லை என்று அர்த்தமில்லை. கட்டலிட்டிக் கன்வேர்ட்டர் உள்ள கார்களில் மெல்லிய புகை வெளியே தெரியாது. ஆனால் ஒயிலின் சாம்பல் கன்வேர்ட்டரையே நாளடைவில் கெடுத்துவிடும். பிறகு, வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையில்தான் அது வெளிப்படும்.

கராச்சில் எந்த வரிசையில்?

மலிவானதில் தொடங்கச் சொல்லுங்கள். முதலில் வெளிக் கசிவு, எயார் ஃபில்டர், பி.சி.வி. வால்வு. அடுத்தது ஸ்பார்க் பிளக்குகள்: எந்தப் பிளக்கில் ஒயில் கரி படிந்திருக்கிறதோ, அந்தச் சிலிண்டரில்தான் பிரச்சினை. பின்னர் கொம்பிரஷன் சோதனை. பெற்றோல் எஞ்சினில் அழுத்தம் குறைவாக இருந்தால், பிளக் துளையால் சிறிது ஒயில் விட்டு மீண்டும் அளப்பார்கள். அழுத்தம் கூடினால் ரிங் தேய்ந்திருக்கிறது. கூடாவிட்டால் வால்வுப் பக்கம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. கொம்பிரஷன் நன்றாக இருப்பதால் ரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவெடுக்க முடியாது. அழுத்தத்தைப் பிடிப்பவை மேல் ரிங்குகள். கரியில் இறுகிய ஒயில் ரிங்கை அந்தச் சோதனை காட்டாது. மறுபக்கம், பழுது வால்வு சீலில் மட்டும் என்றால் முழு எஞ்சினையும் பிரிக்கத் தேவையில்லை. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றாமலே சீல் மாற்றக்கூடிய எஞ்சின்கள் பல உண்டு.

"தடிச்ச ஒயில் விட்டா நிக்கும்" என்ற ஆலோசனையும் அடிக்கடி கிடைக்கும். பழைய எஞ்சினுக்கு அது ஓரளவு உதவும். 0டபிள்யூ-20 பாவிக்கும் எஞ்சினுக்கு 5டபிள்யூ-30 விடுவதில் பொதுவாகப் பெரிய சிக்கல் இல்லை. நேரே 20டபிள்யூ-50க்குப் போனால், நுண்ணிய ஒயில் பாதைகள் உள்ள புதிய எஞ்சின்களில் ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் ஒயில் மேலே போய்ச் சேரத் தாமதமாகும். தடித்த ஒயில் பழுதை மறைக்கும், திருத்தாது. வாகனம் விற்பவர்கள் அதைப் பாவிப்பதும் அதற்காகத்தான். ஆகவே பாவித்த வாகனம் வாங்கப் போகிறவர்கள், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய், தாமே ஸ்டார்ட் செய்து சைலன்சரைப் பார்க்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

எஞ்சினைக் கழற்றித்தான் ஆகவேண்டும் என்றால், என்னென்ன மாற்றப்படும், மொத்தச் செலவு எவ்வளவு என்று வேலை தொடங்கும் முன் எழுத்தில் கேளுங்கள். கழற்றிய பழைய ரிங்குகளையும் சீல்களையும் திருப்பித் தரச் சொல்லுங்கள். ஓட்டத்தையும் ஊற்றிய ஒயிலையும் எழுதிய கொப்பியை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வேலை முடிந்து முதல் சில ஆயிரம் கிலோமீற்றர் ஓடிய பின்னர் மீண்டும் அதே முறையில் அளந்து எழுதுங்கள். கொடுத்த காசுக்கு வேலை நடந்திருக்கிறதா என்பது அந்த இரண்டு கணக்குகளையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.